காக்கைக் கூட்டத்துக்கு என்ன பெயர்?

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஏதாவது எழுதிக் குடுங்க சார். டெக்னிக்கலா வேண்டாம், எல்லாரும் படிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்றார்கள். டிரான்ஸ்ஃபார்மரோடும் ரிலேயோடும் குடும்பம் நடத்துகிற ஆளிடம் டெக்னிக்கல் வேண்டாம் என்றால் அவன் என்னதான் எழுதுவான்? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, பல வருடமாக மனசில் கிடந்த ஒரு கேள்வி ஞாபகம் வந்தது. அதையே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி இதுதான். காக்கைக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

2010ஆம் ஆண்டு. மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. அடுத்த வருடம் கேம்பஸ் இன்டர்வியூ. அதற்காக வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, நம் செமினார் ஹாலில் மூன்று நாள் ஆங்கில வகுப்பு எடுத்தார். கடைசி பெஞ்சில் நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லாரும் தமிழ் மீடியம். ஹாஸ்டலில் எங்களுக்கு 'டி.எம். கும்பல்' என்று பெயர்.

பயிற்சியாளர் ஒவ்வொருவராக எழுப்பினார். சிங்கக் கூட்டம்? 'பிரைட்'. மீன் கூட்டம்? 'ஸ்கூல்'. ஆந்தைக் கூட்டம்? 'பார்லிமென்ட்'. முன் வரிசைக்காரர்கள் சரசரவென்று சொன்னார்கள். என் அறைத்தோழனின் முறை வந்தது. காக்கைக் கூட்டம்? அவன் எழுந்து நின்று, கொஞ்சம் யோசித்து, "குரூப் ஆஃப் க்ரோஸ் சார்" என்றான். பயிற்சியாளர் சிரித்தார். ஹால் முழுக்கச் சிரித்தது. "மர்டர்! எ மர்டர் ஆஃப் க்ரோஸ்!" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். அன்றிலிருந்து அவன் பெயர் 'குரூப்'. முதலில் வந்த கம்பெனியின் குரூப் டிஸ்கஷனுக்கு அவன் போகவே இல்லை. "வயிறு சரியில்லடா" என்று ரூமில் படுத்துக்கொண்டான்.

அந்தக் கேள்வி என்னிடம் வந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த உறுத்தல்தான் பிற்பாடு என்னை இந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தேட வைத்தது. தேடினால் ஒரு பெரிய கதையே கிடைத்தது!

1486இல் ஒரு பட்டியல்

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 1486இல் ஒரு புத்தகம் அச்சானது. 'செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. வல்லூறை வைத்துப் பறவை பிடிப்பது எப்படி, வேட்டையாடுவது எப்படி, குடும்பச் சின்னங்களை வரைவது எப்படி என்று, பெரிய வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் எல்லாம் அதில் உண்டு. சின்னங்களை வண்ணத்தில் அச்சடித்திருந்தார்கள். இங்கிலாந்தில் வண்ணத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். வேட்டைப் பகுதியில் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண்மணியின் பெயர் காணப்படுகிறது. அவர் ஒரு கன்னிமாடத்தின் தலைவி என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அதற்குச் சான்று கிடையாது.

அந்தப் புத்தகத்தில் 'விலங்குகள், பறவைகளின் கூட்டங்கள்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். சிங்கக் கூட்டம் 'பிரைட்', அதாவது பெருமிதம். வானம்பாடிக் கூட்டம் 'எக்ஸால்டிங்', மேலே எழும்புதல். ரேவன் என்கிற பெரிய காக்கை இனத்துக்கு 'அன்கைண்ட்னெஸ்', இரக்கமின்மை. மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்கும் அகழெலிகளுக்கு 'லேபர்', உழைப்பு. நம் 'மர்டர்' சமாச்சாரமும் இதே 15ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் பிறந்ததுதான். ஏனென்றால் 1486க்கு முன்பே, 1450 வாக்கிலேயே, இப்படிப்பட்ட பட்டியல்கள் கையெழுத்துப் பிரதிகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

மீதிப் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. தலைப்பில் விலங்கும் பறவையும்தான். உள்ளே போனால் மனிதர்களும் இருக்கிறார்கள்! நீதிபதிகள் கூட்டம் 'சென்டன்ஸ்', தீர்ப்பு. வக்கீல்கள் கூட்டம் 'எலக்வென்ஸ்', வாய்ச்சாலம். மனைவிமார் கூட்டம் 'பொறுமையின்மை'. கன்னியாஸ்திரிகள் கூட்டம் 'சூப்பர்ஃப்ளூயிட்டி', தேவைக்கு மேல். துறவிகள் கூட்டமோ 'அருவருப்பான காட்சி'. செருப்புத் தைப்பவர்கள் கூட்டத்துக்குக் குடிபோதையை வைத்துப் பெயர். திருடர்கள், நரிகள், பிச்சையெடுத்து வாழும் துறவிகள் ஆகிய மூன்று கோஷ்டிக்கும் ஒரே பெயர், 'ஸ்கல்க்', பதுங்குதல்!

இது இலக்கணமா, கேலியா? யோசித்துப் பாருங்கள். எந்தக் கன்னியாஸ்திரியும் "நாங்கள் தேவைக்கு மேல்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். எந்தச் சக்கிலியரும் தன் தொழில்காரர்களைக் குடிகாரர்கள் என்று பட்டியல் போட்டிருக்க மாட்டார். வெளியே நின்று பார்த்துச் சிரித்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. 1909இல் ஜான் ஹாட்கின் என்ற ஆய்வாளர் இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். இவற்றில் பல, கூட்டத்தின் பெயரே அல்ல என்பது அவர் முடிவு. அந்தப் பிராணியின் குணத்தையோ செய்கையையோ குறிக்கும் சொற்களைக் காலப்போக்கில் கூட்டப் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று வாதிட்டார்.

எதற்காக இந்தப் பட்டியல்?

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, வேட்டை என்பது பெரிய மனிதர்களின் அடையாளமாகிவிட்டது. வேட்டைக்கென்று தனிச் சொற்கள் வந்தன. ஒவ்வொரு மானுக்கும் வயசுக்கு ஒரு பெயர், ஓடும் விதத்துக்கு ஒரு பெயர். சாப்பாட்டு மேசையில் கறியை வெட்டுவதற்குக்கூட ஒவ்வொரு பிராணிக்கும் ஒவ்வொரு வினைச்சொல்! மானை 'உடைக்க' வேண்டும், முயலின் 'கட்டை அவிழ்க்க' வேண்டும். 1508இல் அச்சான கறி வெட்டும் முறை பற்றிய புத்தகம் ஒன்றில் இந்தச் சொற்கள் வரிசையாக இருக்கின்றன.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? இதற்கு அந்தக் காலத்து எழுத்தாளர் ஒருவரே பதில் சொல்லியிருக்கிறார். தாமஸ் மாலரி எழுதிய ஆர்தர் மன்னர் கதையை, 1485இல் காக்ஸ்டன் அச்சிட்டார். அதில், வேட்டைச் சொற்களை வகுத்துத் தந்ததற்காக டிரிஸ்ட்ராம் என்ற வீரனை மாலரி புகழ்கிறார். அந்தச் சொற்களை வைத்துத்தான் கனவானையும் சாதாரணக் குடியானவனையும் பண்ணையாளையும் பிரித்தறிய முடியும் என்கிறார். ஒளிவுமறைவே இல்லை!

ஆக, இந்தச் சொற்கள் விலங்குகளை அடையாளம் காண்பதற்கு வந்தவை அல்ல, மனிதர்களைப் பிரிப்பதற்கு வந்தவை. நம் செமினார் ஹாலில் 2010இல் நடந்த பரீட்சை, ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே நடந்த அதே பரீட்சை. அங்கே பண்ணையாள் தோற்றான், இங்கே கடைசி பெஞ்ச் தோற்றது.

பிறகு சேர்ந்த சரக்கு

அப்படியென்றால் பயிற்சியாளர் சொன்னது எல்லாமே அந்தப் பழைய பட்டியலில் இருந்ததா? அதுவும் இல்லை. ஆந்தைகளின் 'பார்லிமென்ட்' 1486 பட்டியலில் கிடையாது. சி.எஸ். லூயிஸ் 1953இல் வெளியிட்ட 'தி சில்வர் சேர்' என்ற குழந்தைகள் நாவலில் ஓர் அத்தியாயத்துக்கு அந்தத் தலைப்பு வைத்தார். சாசர் என்ற பழைய கவிஞர் பறவைகளின் பார்லிமென்ட் பற்றி எழுதிய கவிதையை மனசில் வைத்துச் செய்த சிலேடை அது. பொது அறிவுப் புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

காண்டாமிருகக் கூட்டத்துக்கு 'க்ராஷ்' என்று அதே புத்தகங்களில் போட்டிருக்கும். அந்தப் பட்டியல் போட்ட காலத்தில் இங்கிலாந்துக்காரர் யாரும் காண்டாமிருகத்தைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு முதன்முதலில் ஒரு காண்டாமிருகம் வந்து இறங்கியது 1515இல், லிஸ்பன் துறைமுகத்தில். அதுவும் நம் குஜராத்திலிருந்து கப்பலேறிப் போனது!

சிங்கத்தின் 'பிரைட்'கூட இடையில் பல நூற்றாண்டு தூங்கிவிட்டு, 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. 1906இல் கானன் டாயில், ஆமாம், ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய அதே ஆள்தான், தன் 'சர் நைஜல்' நாவலில் ஒரு கிழட்டு வீரர் இளைஞன் ஒருவனுக்கு இந்தப் பெயர்களைப் பாடம் எடுப்பதாக எழுதினார். 1968இல் ஜேம்ஸ் லிப்டன் என்ற அமெரிக்கர் பழைய பெயர்களைத் தொகுத்து, தான் கட்டிய புதுப் பெயர்களையும் சேர்த்து ஒரு புத்தகமே போட்டார். அது நன்றாக விற்றது. விளையாட்டாகப் பார்த்தால் ரசிக்கலாம், நானும் ரசிக்கிறேன். விளையாட்டைப் பரீட்சையாக ஆக்கினால்தான் வம்பு.

இன்றைக்கும் பறவைகளை ஆராய்கிறவர்கள் காக்கைக் கூட்டத்தைச் சாதாரணமாக 'ஃப்ளாக்' என்றுதான் எழுதுகிறார்கள். 'குரூப்' என்றாலும் யாரும் சிரிப்பதில்லை. என் நண்பன் சொன்ன பதிலில் தப்பே கிடையாது.

மேய்த்தவன் சொன்ன சொல்

அப்படியானால் உண்மையான கூட்டப் பெயர்கள் எங்கே பிறந்தன? வேலை நடந்த இடத்தில்! 'ஹெர்ட்', 'டிரோவ்' ஆகிய இரண்டும் கால்நடை வைத்திருந்தவர்களின் சொற்கள். 'டிரோவ்' என்பது 'டிரைவ்' என்ற வினையிலிருந்து வந்தது, ஓட்டிக்கொண்டு போகிற மந்தை. இவற்றை யாரும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. தினமும் வேண்டியிருந்தது, அதனால் நிலைத்தது.

லத்தீனில் மந்தைக்கு 'கிரெக்ஸ்' என்று பெயர். அதிலிருந்துதான் மாதாகோயிலில் கூடும் சபையைக் குறிக்கும் 'காங்கிரிகேஷன்' வந்தது. நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே 'கோஷ்டி', அதையும் பாருங்கள். வடமொழியில் 'கோஷ்டம்' என்றால் மாட்டுத் தொழுவம். அதிலிருந்து வந்த 'கோஷ்டி' என்றால் கூடியிருந்து பேசும் சபை. பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர்களும் கோஷ்டி, கட்சிக்குள் சண்டை போடுகிறவர்களும் கோஷ்டி. மூலம் என்னவோ மாட்டுத் தொழுவம்தான்!

நம் தென் மாவட்டத்துக் கிராமங்களில் 'மந்தை' என்றால் ஆட்டு மந்தை மட்டுமா? காலையில் மாடுகளை ஓட்டிவந்து சேர்க்கிற பொது இடமும் மந்தைதான். ஊர்ப் பஞ்சாயத்து கூடுவதும் அங்கேதான். சென்னையில் மந்தைவெளி என்று பஸ்ஸில் போர்டு பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்த மந்தைதான். ரோமிலும் சரி, வடக்கிலும் சரி, நம் ஊரிலும் சரி, மனிதர்கள் கூடுவதற்கான சொல் கால்நடை நின்ற இடத்திலிருந்து வந்திருக்கிறது.

என் தாத்தா ஆடு மேய்த்தவர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அறுவடை முடிந்ததும் ஆட்டைப் பத்திக்கொண்டு தஞ்சாவூர் வயல்களுக்குப் போவார். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்துப் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம், வயல்காரர் அதற்குக் கூலி தருவார். அப்படிக் கிடக்கும் கூட்டத்துக்குக் 'கிடை' என்று பெயர். பெரும்பாலும் ஓர் ஆளுடைய ஆடு மட்டும் கிடை ஆகாது, பல பேருடைய ஆடுகள் சேர்ந்தால்தான் வயலுக்குக் கட்டும். கி. ராஜநாராயணன் 'கிடை' என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கிடைக்கும் மந்தைக்கும் பட்டிக்கும் வித்தியாசம் கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். அந்த மனிதரின் பேரன் நான், செமினார் ஹாலில் சொல் தெரியாதவனாக உட்கார்ந்திருந்தேன்!

வாழைக்காய்க் கடைக்குப் போனால் சீப்பு வேறு, தார் வேறு. இரண்டுக்கும் விலை வேறு. களத்தில் நெல் குவியல், வீட்டுப் பக்கத்தில் வைக்கோற்போர். ஆலங்காடு, மாந்தோப்பு, சோளக்கொல்லை என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்திருக்கிறோம். தொல்காப்பியம் விலங்கு, பறவைகளின் குட்டிகளுக்கு மட்டும் பார்ப்பு, பறழ், குருளை, கன்று, மறி என்று ஒன்பது பெயர்களை எடுத்துச் சொல்கிறது. பெயருக்கா நம்மிடம் பஞ்சம்?

காக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே அதே பறவைக்குக் 'கொலை' என்று பெயர் வைத்தார்கள். இங்கே வள்ளுவர், இரை கிடைத்தால் ஒளிக்காமல் கூவி இனத்தோடு உண்ணும் அதன் குணத்தைச் சுற்றந்தழால் அதிகாரத்தில் எடுத்துக்காட்டினார். காக்கை அதே காக்கைதான். பார்த்த கண்தான் வேறு.

ஒரு டெக்னிக்கல் விஷயம் (மன்னிக்கவும்!)

மலர்க் குழு கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் ஒன்று சொல்கிறேன். பீரங்கிகளை வரிசையாக நிறுத்தினால் ராணுவத்தில் அதற்கு 'பேட்டரி' என்று பெயர். மின்சாரத்தைச் சேமிக்கும் கண்ணாடி ஜாடிகள் பலவற்றை ஒன்றாக இணைத்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1749இல் அந்தத் தொகுப்புக்கும் 'பேட்டரி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஆக, நாம் டார்ச் லைட்டில் போடும் பேட்டரி ஒரு கூட்டப் பெயர்தான். கறாராகப் பார்த்தால் ஒற்றை செல்லைப் பேட்டரி என்று சொல்லக்கூடாது. ஒவ்வொரு செல்லும் ஒன்றரை வோல்ட்தான். வரிசையாகச் சேர்த்தால்தான் வண்டி கிளம்பும்.

மீன்களின் 'ஸ்கூல்' நாம் படித்த ஸ்கூல் அல்ல, அது டச்சு மொழியிலிருந்து வந்த தனிச்சொல். கூட்டம் என்று பொருள். ஆனால் 'காலேஜ்' என்ற சொல் நிஜமாகவே மனிதர்களின் கூட்டப் பெயர். லத்தீனில் 'கொலேகியம்' என்றால் ஒரே பணியில் இணைந்தவர்களின் கூட்டம். கட்டடம் பிறகு வந்தது. 'அலும்னி' என்றால் ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள். நம் மெஸ் சாப்பாட்டை நினைத்தால் அந்தச் சொல்லில் கொஞ்சம் சந்தேகம் வரும், வேறு விஷயம்!

எங்கள் செட்

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். ஒரு கூட்டத்துக்கு வைக்கிற பெயர், அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்வதைவிட, பெயர் வைத்தவர் எங்கே நின்றார் என்பதைத்தான் அதிகம் சொல்லும். அதே பத்துப் பேரைப் பேப்பரில் ஒரு நாள் 'குழு' என்று போடுவார்கள், இன்னொரு நாள் 'கும்பல்' என்று போடுவார்கள். ஆங்கிலம் நன்றாகப் படியுங்கள், அவசியம் வேண்டும். எனக்குச் சோறு போடுவதில் அதற்கும் பங்கு உண்டு. இந்தச் சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள், சுவையானவை. ஆனால் அவை தெரியாததற்காக யாரும் இன்டர்வியூவுக்குப் போகாமல் ரூமில் படுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் ஒருவன் தடுமாறும்போது, ஹாலோடு சேர்ந்து நீங்களும் சிரிக்க வேண்டாம்.

என் அறைத்தோழன் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேனே! அவன் இன்று சொந்த ஊரில் சோலார் பேனல் பொருத்தும் தொழில் செய்கிறான். எட்டுப் பேருக்கு வேலை கொடுத்திருக்கிறான். எங்கள் செட்டுக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தவனும் அவன்தான், அட்மினும் அவன்தான். பட்டப்பெயர் வீண்போகவில்லை என்று எல்லாரும் கிண்டல் செய்வார்கள். குரூப்புக்கு அவன் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'டி.எம். கும்பல்'. முன் வரிசைக்காரர்கள் பாதிப் பேர் அதில்தான் இருக்கிறார்கள்.

டேய் குரூப், இந்த மலர் உன் கைக்கு எப்படியும் வரும். அன்றைக்கு உன் பதில் சரி. சிரித்தது என் தப்பு. ரீயூனியனுக்கு வந்து சேர், மெஸ் வாசலில் காத்திருக்கிறேன்.

(கட்டுரையாளர் 2007–2011 மின்னியல் பிரிவு மாணவர்.)